பதினோரு வாரம் குதிரை ஏறியவர்

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. வரும் சனிக்கிழமை அமெரிக்க மேற்கில் இருக்கும் எங்கள் கானாப் ஊரின் திரையரங்கில் ‘டிரை ஃபோர்க் மார்ஷல்’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடரை மறுபடி போடுகிறார்கள். மார்ஷல் என்ற காவல் அதிகாரியாக நடித்தவனின் அண்ணன் நான் என்பதால், பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கம் கேட்டார்கள். தொடங்கினேன்:

“1959 இலையுதிர்காலத்தில் டாட்லாக் குடும்பத்தின் இளைய மகன் ராய்ஸ், மார்ஷலாக நடித்த பதினோரு வாரமும் தன் குதிரையைத் தானே ஓட்டி—”

[நிறுத்திவிட்டேன். அன்று இதே வாக்கியத்தைச் செய்தித்தாளுக்குச் சொன்னவனும் நான்தான். பொய்.]

2

வேறு தொடக்கம். ராய்ஸுக்குக் குதிரை என்றால் நடுக்கம். ஒன்பது வயதில் ஒரு குதிரை அவனைக் கல்வேலிவரை இழுத்துக்கொண்டு ஓடியது. [அவனை ஏற்றிவிட்டது நான். இந்த வரியை அடித்துவிடலாமா? இருக்கட்டும்.] நான்கு தலைமுறையாகக் குதிரை வளர்க்கும் வீட்டில் இதையெல்லாம் வெளியே சொல்வோமா?

தரையில் நின்று வசனம் பேசியது மட்டுமே ராய்ஸ். தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளில் ஆற்றைக் கடந்தது, பாறைச் சரிவில் பாய்ந்து இறங்கியது எல்லாம் அவன் மனைவி லவீனா. கூந்தலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு ஏறுவாள்.

பன்னிரண்டாம் வாரத்தில் மார்ஷல் கேமராவுக்கு முகத்தைக் காட்டியபடி சேணத்தில் ஏற வேண்டும் என்று கதையில் எழுதிவிட்டார்கள். ராய்ஸ் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தந்தி வந்தது: தொடர் நிறுத்தம். ஊரே வந்து துக்கம் விசாரித்தது. நான் லாயத்துக்குப் பின்னால் முழங்காலிட்டு நன்றி சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

3

ராய்ஸ் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. லவீனாவுக்கு எண்பத்தைந்து வயது. நேற்று இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

“என் பேரு எதுக்கு இதுல, ஆர்வில்?”

“நீதானே ஓட்டின?”

“அறுபது வருஷத்துக்கு மேல ‘என் தம்பிதான் ஓட்டினான்’னு நெஞ்ச நிமித்திட்டு நடந்தீங்க. இப்ப என்ன, முதுகு வலிக்குதா?”

“கிண்டல் பண்ணாத. குடும்ப மானம்னு ஒண்ணு—”

“நல்ல மானம்! ஆத்துத் தண்ணி எப்படிச் சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு தடவ நான் கரையேறும்போதும் அவரு கம்பளியோட நின்னாரு. நான் இறங்குறவரைக்கும் கடிவாளத்தப் பிடிச்சுக்கிட்டு, குதிரைக்கு ஒட்டி நின்னாரு. கையெல்லாம் நடுங்கும். ஆனா ஒரு தடவகூட விடல. என் பேர எழுதுறதா இருந்தா, அதையும் எழுதுங்க. எல்லாரும் அவரப் பாத்து மட்டும் சிரிக்கக் கூடாது.”

[இது எனக்குத் தெரியாது. இத்தனை காலம் நான் எதை மூடி மறைத்தேன் என்றே தெரியாமல் மறைத்திருக்கிறேன்.]

4

முடிவாக இரண்டு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று மன்னிப்பு கேட்டது, இன்னொன்று பெருமையடித்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ராய்ஸைப் பார்த்துச் சிரிக்க நினைப்பவர் என் முன்னால் வந்து சிரிக்கட்டும். மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஏழாம் பகுதியில் மார்ஷல் ஆற்றைக் கடக்கிறார். அந்த இடத்தில் நம் ஊர் எப்போதும் கைதட்டும். லவீனா மூன்றாம் வரிசையில், என் பக்கத்தில் இருப்பாள். எந்தப் பக்கம் திரும்பித் தட்டுவது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.