சேலைக்குள் வேறொருத்தி

“இதுல நான் எங்க இருக்கறேன்ம்மா?” என்று கீர்த்தனா கேட்டபோது, அம்மா ரங்காத்தாள் சுவரில் ஆணியடிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிச்சயதார்த்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அவிநாசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அனுப்பியிருந்தார்கள். அதில் மூக்கும் சேலையும்தான் கீர்த்தனாவுடையவை. முகமும் கழுத்தும் கைகளும் உரித்த பூண்டாக வெளுத்திருந்தன.

“எத்தன லட்சணமா இருக்குது! கண்ணு பட்டுரும் போ,” என்றாள் ரங்காத்தாள்.

கீர்த்தனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னை மட்டுமல்ல, சேலை கட்டித் தோளோடு தோளாக நின்றிருந்த மப்ரூக்காவையும் அல்லவா வெளுத்துவிட்டிருக்கிறார்கள்!

மப்ரூக்கா துனீசியாவைச் சேர்ந்த கலைஞர். தன் கறுத்த உடம்பின் அளவிலேயே துணியில் பெண்ணுருவங்கள் செய்து நிறுத்துகிறவள். அதற்கான பின்னல் துணிக்காக ராயபுரத்தில் திருமூர்த்தியின் பனியன் கம்பெனியைத் தேடி வந்து, அவர் வீட்டு மாடியிலேயே தங்கியிருந்தாள். அந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்டவள் அவர் மகள் கீர்த்தனா. கேட்ட நிறம் கைக்கு வருவதற்குள் சாயப்பட்டறையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. “அத்தன கருப்பு எதுக்குங்க? பாவம்னு நாங்களே கொஞ்சம் கொறச்சுட்டோம்,” என்றார்கள் அங்கே.

காபிக்குக் கீழே இறங்கி வந்த மப்ரூக்கா படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“எங்கள் ஊரில் ஒரு சிநேகிதியின் கல்யாணப் படத்தில் என்னை ஓரமாக நிறுத்தினார்கள். பிறகு அந்த ஓரத்தையே வெட்டிவிட்டார்கள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “இங்கே வெட்டவில்லை. என் சேலைக்குள் வேறு யாரையோ நிறுத்தியிருக்கிறீர்கள்.”

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. காபியைத் தொடாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

கீர்த்தனா அப்போதே மாப்பிள்ளை தரணீதரனுக்குப் போன் போட்டாள்.

“அம்மாதான் ஸ்டுடியோவுல சொன்னாங்க,” என்றான் அவன். “உன்ன மட்டும் வெளுத்தா வித்தியாசம் தெரியுமேன்னு அந்தப் பொண்ணையும் சேத்துப் பண்ணச் சொன்னோம். கல்யாண பேனருக்கும் இதே படந்தான். அதுக்குள்ள ஏதாச்சும் ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டீன்னா நேர்லயும் ஒத்துப்போயிருமாம்.”

“அது உங்கம்மா சொல்றது. நீங்க என்ன சொல்றீங்க?”

“அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

“அப்பப் படத்துல இருக்கறவளையே கட்டிக்குங்க. நான் வரலீங்க.”

ரங்காத்தாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். திருமூர்த்தி அவிநாசிக்கு ஓடினார். மகள் தன் வாயால் மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. கீர்த்தனா கேட்கவில்லை. பேச்சு முறிந்தது. திருமூர்த்தி மகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

துணியெல்லாம் தயாராகி, மப்ரூக்கா ஊர் திரும்பிய பிறகு, துக்கம் விசாரிப்பவளைப் போல அத்தை முத்தாயி வந்தாள். கீர்த்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாம் அந்தக் கருப்பி பக்கத்துல நின்ன தோசம் கண்ணு. இல்லாட்டி அவிங்க எதுக்கு வேண்டாங்கறாங்க?”

“அவிங்க வேண்டாங்கலீங்கத்தை. நாந்தான் வேண்டாம்னேன்.”

முத்தாயி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ரங்காத்தாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“புள்ளைக்கு அதிர்ச்சியில என்ன பேசறோம்னே தெரியல. அவிநாசி கோயிலுக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போ.”