கதவில் செருகிய ஓலை

ஜேசுராஜ் ஒரு விதியைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு திருட்டு இருக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். "மாஸ்டர், நிழலுக்கு எடை உண்டா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டான். மருதையன் டாக்டரும் யோசிக்காமல் "கிடையாது" என்று சொல்லித் தொலைத்தார். மிதித்தால் கூரை இடிந்து விழும் என் கருவூலத்துக்குள் தன் நிழலை மட்டும் அனுப்பி, என் சூனியக்காரி பாடுபட்டுச் சேர்த்த கிரீடத்தை அந்தப் பயல் தூக்கிக்கொண்டு போனான்.

பகடையை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு இது. ஒருவர் ஓர் உலகத்தைப் படைத்து நடத்துவார், அவர்தான் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைவார்கள். புத்தகத்தில் விடை இல்லாத சந்தேகம் வந்தால் மாஸ்டர் வைத்ததே சட்டம். எங்கள் மாஸ்டர் மருதையன், ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டர். ஜேசுராஜ் தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஹலீமா என்கிற நான் கணக்கு டீச்சர். என் வீட்டு மாடியில்தான் ஆட்டம். நாங்கள் ரம்மி ஆடுகிறோம் என்று என் மாமியார் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் படைத்த நாட்டில் நிலம் எல்லாம் நீலாயி என்ற நதிப் பாம்புக்குச் சொந்தம். மனிதர்கள் விளைச்சலில் பங்கு தருவதாக அவளிடம் வாரத்துக்கு வாங்கி உழுவார்கள். வழக்கு வந்தால் அவள் ஓலை அனுப்பி நாகசபைக்குக் கூப்பிடுவாள். அவளுக்கு ஏன் இமை இல்லை, உரித்த சட்டையை யார் எடுத்துப்போகிறார்கள் என்றெல்லாம் கேட்டால் டாக்டர் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பேசுவார்.

அந்த வைகாசியில் ஜேசுராஜ் ஆரம்பித்தான்.

"மாஸ்டர், நாகசபை ஓலையை ஆள் இல்லாத வீட்டுக் கதவுல செருகிட்டுப் போயிட்டா, அது குடுத்த கணக்கா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஜேசுராஜின் பாத்திரமான கருவாலி ஒரு கிழட்டுக் காவல்காரன். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, ஓலை கைக்கு வரவில்லை என்று நழுவப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. டாக்டருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். ஓட்டை தெரிந்தால் உடனே அடைத்துவிடுவது மாஸ்டர்களின் குணம்.

"குடுத்த கணக்குதான்" என்றார்.

"அந்த வீடு பூட்டிக் கெடக்குன்னு தெரிஞ்சே செருகினா?"

"தெரிஞ்சு செருகினாலும்தான்."

"அவன் சபைக்கு வரலன்னா?"

"ஒருதலையா தீர்ப்பு. நெலம் போச்சு. பகடைய உருட்டுடா."

அவன் உருட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறும் அதே கேள்வியை வேறு சட்டை போட்டுக் கொண்டுவந்தான். செருகினவனே வந்து உண்மையைச் சொன்னால் தீர்ப்பு மாறுமா, சபை கூடும் பௌர்ணமிக்கு முன்னாலேயே போய் நின்றால் கேட்குமா என்று குடைந்தான். கருவாலிக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அவனுக்கு எதற்கு இந்தக் கவலை? என்னவோ நடக்கிறது என்று எனக்கு உறுத்தியது. கிரீடத்தைப் பறிகொடுத்தவளுக்கு உறுத்தாமல் இருக்குமா!

டீ குடிக்கும்போது அவன் மெதுவாகக் கேட்டான்: "டாக்டர், திருவையாத்துப் பக்கம் அப்பா வீட்டுக்குப் போனீங்களா?"

மாஸ்டர் என்று கூப்பிடாமல் டாக்டர் என்று அவன் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். ஒருதரம் போயிட்டு வாங்களேன்."

டாக்டரின் முகம் சுண்டிவிட்டது. அவன் கீழே இறங்கியதும் என்னிடம் பொரிந்தார்.

"வேவு பாக்கறான், ஹலீமா. இவன் வக்கீல்தான் எங்க நெலத்துக்குச் சொந்தக்கார மடத்துக்கும் வக்கீல். அப்பா போனப்புறம் நெலத்த நான் உழலன்னு எழுதி வாங்கப் பாக்கறாங்க. வீடு பூட்டிக் கெடக்கான்னு என் வாயாலயே வரவைக்கறான்."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பா சாமிதுரை பண்ணையாளாக இருந்தவர். ஆட்சி மாறிக் குத்தகைதாரர் பெயரைப் பதியும் சட்டம் வந்தபோது, செங்கொடிக்காரர்களோடு தாலுகா ஆபீஸ் வாசலில் பழியாய்க் கிடந்து அந்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், மடத்து நிலத்தில் தன் பெயரை ஏற்றியவர். அவர் இறந்ததும் டாக்டர் தாயார் ராசம்மாளை ஒரத்தநாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். நிலத்தை மட்டும் விடவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் விடுமுறை போட்டுவிட்டுப் போய்ச் சேற்றில் இறங்குவார்.

"நேரா அவன்கிட்டயே கேளுங்க டாக்டர்" என்றேன்.

"திருடன்கிட்டயா?"

மறுநாள் அவர் வக்கீலுக்கே போன் போட்டுவிட்டார். உங்கள் குமாஸ்தா என் வீட்டு விஷயத்தைத் துருவுகிறான், என்ன உள்நோக்கம் என்று சத்தம் போட்டாராம். வக்கீல் ரொம்ப மரியாதையாக, "நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றாராம்.

அதற்கப்புறம் ஜேசுராஜ் ஆட்டத்துக்கு வரவில்லை. "பாத்தியா, குட்டு வெளிப்பட்டுடுச்சு" என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். இரண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தில் சுவையே இல்லை. இருந்தாலும் ஆடினோம்.

குறுவை நடவுக்கு நாற்றுப் பறிக்கப் போன ஆட்களை மடத்து ஆள் வரப்பிலேயே மறித்தான். வருவாய் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினான். சாமிதுரையின் வாரிசுகள் விசாரணைக்கு வராததால் எக்ஸ்பார்ட்டி என்கிற ஒருதலைத் தீர்ப்பு, நிலத்தை ஒப்படைக்க வேண்டும். டாக்டர் பூட்டிய வீட்டுக்கு ஓடினார். கதவில் நோட்டீஸ் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் போன் போட்ட நாளிலிருந்து விசாரணைக்கு ஒரு வாரம் இருந்திருக்கிறது.

டாக்டர் பிடித்த வக்கீல் ஒரே வழிதான் சொன்னார். குடும்பம் ஒரத்தநாட்டில் இருப்பது தெரிந்தே பூட்டிய வீட்டில் ஒட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். நோட்டீஸ் கொண்டுவந்த கோர்ட்டு அமீனாவைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டிய மடத்து வக்கீலின் குமாஸ்தா கூண்டேறிச் சொன்னால் தீர்ப்பு உடையும். இல்லாவிட்டால் கஷ்டம்.

வீட்டைக் காட்டியவன் ஜேசுராஜ்.

அவனைத் தேடிப் போனோம். டாக்டர் போன் போட்ட அன்றே வேலை போய், சித்தப்பாவின் டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"வாயத் தொறந்து நேரா சொல்லியிருக்கலாமேடா" என்றார் டாக்டர்.

"வக்கீலோட கட்சிக்காரங்க விஷயத்த வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வேலைக்குச் சேந்தப்ப மாதா மேல சத்தியம் பண்ணேன் மாஸ்டர். உங்க வீட்டக் காட்டிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஆட்டத்துல கேள்வி கேக்கக் கூடாதுன்னு சத்தியத்துல இல்லையே. அந்த ஓட்டையிலதான் நொழஞ்சேன்."

டாக்டர் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வந்த காரியத்தைச் சொன்னார். கோர்ட்டுக்கு வர வேண்டும், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜேசுராஜ் கை துடைத்த கந்தல் துணியை மடித்து வைத்தான்.

"இப்ப நான் அங்க வேலையில இல்ல. அந்தச் சத்தியம் இன்னும் என்னக் கட்டுமா, கட்டாதா? நீங்க சொல்லுங்க மாஸ்டர். உங்க தீர்ப்புக்கு நான் எப்பவும் கட்டுப்பட்டவன்."

கட்டாது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறு மா நிலம் திரும்பிவிடும். சொல்லுங்களேன் என்று எனக்குள் கத்தினேன்.

"கட்டாதுன்னா நம்புவியா?" என்று டாக்டர் கேட்டார்.

ஜேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "நெலத்துக்காகச் சொல்றீங்கன்னு நெனப்பேன். ஆனா வந்து சாட்சி சொல்லுவேன்."

டாக்டர் அவன் கரி படிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டும்டா" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.