மூன்றாவது தட்டில் பூஞ்சை

மனித குலத்தின் தொப்பைக்குச் சோறு காரணமல்ல. ஆராய்ச்சியாளர்களின் நேர்மையின்மைதான் காரணம். எங்கள் ஆய்வகத்தில் உத்தமன் இதைச் சிரிக்காமல் சொல்வான். பெயர் நாங்கள் கிண்டலுக்கு வைத்தது. அவன் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

விளக்கமும் தருவான். கொழுப்புச் செல்லின் உட்கருவுக்குள் ஒரு ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கான பழைய மாத்திரை போய் அதில் ஒட்டினால், அது மரபணுக்களைத் தட்டி எழுப்பும். செல் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை இழுத்து உள்ளே அடைத்துக்கொள்ளும். சர்க்கரை இறங்கும், ஆள் ஊதிவிடுவார். உத்தமனின் புது மருந்து அதே ஏற்பியில் பட்டும் படாமலும் ஒட்டும். சர்க்கரை இறங்கும், உடம்பு ஏறாது.

"இத்தனை வருஷமா இதை யாரும் கண்டுபிடிக்கலைன்னா ஏன்? பிடிக்காத ரிசல்ட்டை எல்லாம் குப்பையில போட்டுட்டாங்க."

பக்கத்து மேசை அக்காவைப் பார்த்துத்தான் சொல்வான். போன வருஷம் அக்கா செல் வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை வந்தது. அதைக் கழித்துவிட்டுக் கணக்குக் காட்டினார். பேராசிரியர் முன்னாலேயே உத்தமன் கேட்டான்: "அதெப்படிக்கா, ஒத்துவராத தட்டைத் தேடி மட்டும் பூஞ்சை வருது? அட்ரஸ் குடுத்து வச்சிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். பூஞ்சை நிஜமாகவே வந்திருந்தது. எட்டிப் பார்க்கப் பேராசிரியருக்கு நேரமில்லை. அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருக்கும் சர்க்கரை. பழைய மாத்திரையில் கால் வீங்கி, செருப்பு வாரைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு நடப்பார்.

"உன் மருந்து வேலை செஞ்சா முதல் மாத்திரை எனக்குடா தம்பி" என்பார், கோபமே இல்லாமல்.

உத்தமன் தன் மருந்தைச் செல்களில் விட்டுப் பார்த்த முதல் இரண்டு தட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயத்தை ஊற்றியும், கொழுப்பு சேராததால் வெளுப்பாகவே இருந்தன. மூன்றாவதும் அப்படி வந்துவிட்டால் பட்டம் கையில், வேலை பையில்.

சாயம் ஊற்றும் முன் நுண்ணோக்கியில் பார்த்தான். நிமிரவே இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன். செல்லுக்குச் செல் எண்ணெய்த் துளிகள், காலை நேரத்து பஸ் மாதிரி நெரிசல். பழைய மாத்திரை செய்கிற அதே வேலை. பூஞ்சை ஒரு நூல்கூட இல்லை.

பேராசிரியர் கதவு வழியே தலையை நீட்டினார். "மூணாவது என்னப்பா ஆச்சு?"

"பூஞ்சை சார்."

"அடடா. சரி, ரெண்டை வச்சு எழுதிடு."

தலை மறைந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பூஞ்சை வந்த தட்டை அழிக்க ஊற்றும் ப்ளீச்சிங் புட்டியைத் தன் மேசையிலிருந்து எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, முதல் மாத்திரை எனக்குன்னு சொன்னேன்ல? அதை வேற யாருக்காவது குடுத்துடு."

உத்தமன் புட்டியைத் திறந்தான். ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினான். தட்டில் செல்களுக்கு உணவாக விட்டிருந்த இளஞ்சிவப்புத் திரவம் கண்ணெதிரே வெளுத்தது, முதல் இரண்டு தட்டுகளைப் போலவே.