எழுத்துப் பக்கம் கீழே

1

இந்தக் கதை எனக்கு ஒரு மழையில் கிடைத்தது. கிண்ணியாவில் பஸ்ஸுக்கு நின்ற என்னை, “உள்ளுக்கு வாங்க தங்கச்சி, நனஞ்சிருவீங்க” என்று ஒருத்தி கூப்பிட்டாள். அடுப்பு எரிந்த குசினிப் பத்தியின் கூரையில், காற்றுக்குத் தகரம் பறந்த இடத்தை, படம் அடித்த ஒரு பிளாஸ்டிக் பெனர் மூடியிருந்தது. அதிலிருந்து ஒரு சிறுமி, கழுத்தில் பள்ளிக்கூட ரையோடு, கீழே பார்த்துச் சிரித்தாள். நான் கண்டது இவ்வளவுதான். மிச்சம் கற்பனை.

2

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸான பிள்ளைக்குச் சந்தியில் படத்தோடு பெனர் கட்டாவிட்டால், எங்கள் பக்கத்தில் அது பாஸான கணக்கே இல்லை. பெறுபேறு வந்தபின் அச்சுக்கடையில் நெரிசலாகிவிடும் என்று, என்னைக் கூப்பிட்ட நஜ்முன் நிஸா மகள் அம்ராவுக்குப் பெனரை முன்கூட்டியே அடித்து வாங்கினாள். புள்ளி போடும் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

(இவளைப் பேராசைக்காரி ஆக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை. பரீட்சையன்று பிள்ளையின் நெற்றியில் ஓதி ஊதி அனுப்பியவள் இவள்.)

பாஸாவதற்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள் அம்ரா. அன்றைக்கு நஜ்முன் நிஸா கதறி—

(இல்லை. அவள் அழவில்லை. சோறு ஆக்கினாள். பரிமாறும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.)

3

தகரம் பறந்தபோது அவள் கணவன் மஹ்ரூப் பெனரை எடுத்தான்.

“நல்ல சீட்டு, தண்ணி இறங்காது. ஏன் வீணாக்குவான்?”

“எழுத்துப் பக்கத்தக் கீழ போடுங்க. ஆக்கள் கண்டாச் சிரிப்பாங்க.”

ஊர் பார்க்கக் கூடாது என்பதில் இருவரும் கவனமாக இருந்தார்கள். அதன் கீழே இருந்து சாப்பிடுவது யாரென்று இருவருக்கும் தோன்றவில்லை. பாவம், கெட்ட மனிதர்கள் இல்லை.

4

முடிவு அ: தாய் பெனரைக் கிழித்து அடுப்பில் போடுகிறாள். (சினிமா.)

முடிவு ஆ: அம்ரா வளர்ந்து டாக்டராகி ஊரின் வாயை அடைக்கிறாள். (இது அதைவிட மோசம். டாக்டராகாத பிள்ளையை என்ன செய்வதாம்?)

5

கண்டது இவ்வளவுதான் என்றேனே, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மழையில் எனக்கு ஒரு கோப்பையில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்தது அந்தப் பிள்ளைதான். சும்மா பேச்சுக்குக் கேட்டேன்:

“மேல சிரிக்கிறது நீங்கள்தானே?”

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“இல்ல. அது பாஸான அம்ரா.”

அடுப்படியில் தாய் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். “மகள்...” என்று தொடங்கினாள். பஸ் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

அவள் தொடங்கியதை முடிக்க எத்தனையோ வசனம் எழுதி எழுதி வெட்டினேன். எல்லாமே ஆறுதலாக வந்தன. தோற்றவர்களுக்குத்தானே ஆறுதல் சொல்வார்கள்.

எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். பிள்ளை இன்னும் குடித்த கோப்பையை வாங்கப் பக்கத்தில்தான் நிற்கிறாள். நீங்கள் எழுதுவது அவள் காதில் விழும்.