பதினொரு புள்ளி வித்தியாசம்

பதினொன்று என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நான்கு பேர் கூத்தாடினார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மருத்துவக் கல்லூரி கேன்டீனில் அன்று மதியம் அதுதான் நடந்தது. தலைவி மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன் நாற்காலிமேல் ஏறி நின்றான். ஆறேகால் அடி உயரமும் நாளுக்கு ஆறு வார்த்தையுமாக வளர்ந்திருந்த கம்பம்கூட வாயைத் திறந்து "பரவால்ல" என்றான். நான்காவது ஆள் வக்கீல். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். பரீட்சை நெருங்கினால் மாணவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்பது இவர்களுடைய கேள்வி. பரீட்சை வாரத்தில் இருந்தவர்கள் அறுபது பேர், பரீட்சையின் வாடையே அடிக்காதவர்கள் அறுபது பேர். பத்து நாளில் நூற்றிருபது கைகளில் பட்டையைச் சுற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பரீட்சைக்காரர்களின் சராசரி பதினொரு புள்ளி அதிகம். மூன்று வந்தாலே பெரிய விஷயம் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வெளியூர் மாநாட்டுக்குக் கூப்பிடுவாங்க," என்றாள் தலைவி. "நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுத்தான் ஆகணும்."

"ஜன்னல் சீட்டு எனக்கு," என்றான் ரேடியோ. "கம்பம் காலை மடிச்சு பையில வெச்சுக்கட்டும்."

வக்கீலுக்குப் பதினொன்றைவிட இனித்தது 'நாலு பேருக்கும்' என்ற சொல்தான். எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்பாள் என்பதால் வந்த பட்டப்பெயர் அவளுடையது. பெயர் வந்தது போகட்டும், அதனால் இரண்டு குழுக்கள் கைநழுவிப் போயின. முதல் குழுவில், ஒரே நோயாளியை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்களோ என்று கேட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒருத்திதான் மிச்சம். மற்ற எல்லோரும் வெளியேறி வேறொன்று தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது குழு கொஞ்சம் மரியாதைக்காரக் குழு. "உனக்கு இதைவிட நல்ல குழு கிடைக்கும்பா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியது. இந்த மூன்றாவதையும் கோட்டைவிடுவதில்லை என்று அவள் தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள். இந்த மூன்று பேரை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மணி ஒன்றரை. மூன்று மணிக்குப் பேராசிரியை முன்னால் போய் நிற்க வேண்டும்.

"ஜெயிச்சவங்களுக்கு பிரஷர் எவ்வளவுன்னு பாப்போம்," என்று ரேடியோ நாற்காலியிலிருந்து இறங்கி, வக்கீலின் கையில் பட்டையைச் சுற்றினான். பொத்தானை அமுக்கிய கையோடு வாயும் தொடங்கிவிட்டது. "எங்க சித்தப்பா டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போன கதை தெரியுமா? தப்பே இல்லாம ஓட்டினார். ஆனா அது வேற யாரோட வண்டியோ. உங்க வீட்ல இந்த மாதிரி ஒருத்தர் இருக்காரா?"

"எங்க பெரியப்பா இருக்காரே," என்று சிரிப்புக்கு நடுவே தொடங்கினாள் வக்கீல். பெரியப்பா தவறான கல்யாண வீட்டில் போய் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்த கதையை அவள் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் கூவியது. நூற்று இருபத்தேழு.

அடுத்து கம்பம். அவன் அதே கையில், அதே மெஷினை மாட்டினான். நாற்காலியை அவள் பக்கம் தள்ளிக் காலை ஊன்றி உட்காரச் சைகை காட்டினான். அவ்வளவுதான். சிரிப்பு அடங்கியது, கேன்டீனின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. நூற்றுப் பதினாறு.

வக்கீல் இரண்டையும் கழித்துப் பார்த்தாள், அதே பதினொன்று. பரீட்சைக்காரர்கள் அறுபது பேரையும் அளந்தவன் ரேடியோ. மற்ற அறுபது பேரையும் அளந்தவன் கம்பம். பரீட்சைப் பிள்ளைகள் பாவம், பயந்துபோய் வருவார்கள், நீ கொஞ்சம் சிரிக்க வை என்று தலைவிதான் இரக்கப்பட்டுப் பிரித்துக் கொடுத்திருந்தாள். அவனும் விடாமல் சிரிக்க வைத்தான், பேச வைத்தான். அளக்கும்போது பேசினால் அழுத்தம் ஏறும் என்பது நான்கு பேரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். ஆக, அவர்கள் பத்து நாளாக அளந்தது பரீட்சைப் பயத்தை அல்ல, ரேடியோவின் வாயை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சந்தேகம் அவளுக்கு இன்று வந்ததல்ல. இரண்டாம் நாள் கதவோரம் நின்று அவன் பேச்சைக் கேட்டபோதே வந்தது. வாய்வரை வந்த கேள்வியை மென்று முழுங்கிவிட்டாள். அதன்பிறகு அவன் அறைப்பக்கமே போகவில்லை. இப்போதும் முழுங்கிவிடலாம். முழுங்கினால் நான்கு பேருக்கும் டிக்கெட்.

"ரேடியோ," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என்னை இன்னொரு தடவை அள. ஆனா பேசாத."

சொல்லிவிட்டாள். பிறகு விளக்கமும் சொன்னாள். தலைவி மடிக்கணினியை மெதுவாக மேசையில் வைத்தாள். ரேடியோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நான் நல்லதுன்னு நெனச்சுதானே பேசினேன்," என்றான்.

அடுத்த நாற்பது நிமிடம் கேன்டீன் ஆய்வகமானது. டீ போடுகிறவர், கல்லாவில் இருந்தவர், சும்மா பிஸ்கட் வாங்க வந்த முதலாண்டுப் பெண்கள் இருவர் என்று சிக்கியவர்கள் கையிலெல்லாம் பட்டை ஏறியது. ஒரு முறை பேச வைத்து, ஒரு முறை பேசாமல். கஷ்டமெல்லாம் ரேடியோவைப் பேசாமல் வைப்பதில்தான். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணை உருட்டியதைப் பார்த்து டீ போடுகிறவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அழுத்தம் பேசியபோது இருந்ததைவிட ஏறியது. கடைசியில் அவனைச் சுவர் பக்கம் திருப்பி நிற்கவைத்தார்கள். அதற்குப் பின் வந்த கணக்கு சுத்தமாக இருந்தது. பேசினால் பத்து, பன்னிரண்டு ஏற்றம். பேசாவிட்டால் ஒன்றுமில்லை.

தலைவி முதல் பக்கத்தை அழித்துவிட்டு 'எங்கள் தவறு' என்று அடித்தாள். டிக்கெட் போயிற்று.

பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார். நடுவில் ஒரு முறை ரேடியோவைப் பார்த்து, "வாய் வலிக்கலையா?" என்று மட்டும் கேட்டார். முடிந்ததும், "மூணு வாரம் தரேன். முதல்லேர்ந்து அளந்துட்டு வாங்க," என்றார். பிறகு காகிதத்தைப் புரட்டியபடியே, "இது எப்ப கண்ணுல பட்டது?" என்றார்.

"இன்னிக்கு மதியம் மேடம்," என்றாள் தலைவி.

அத்தோடு விட்டிருக்கலாம். பேராசிரியை அடுத்த குழுவின் காகிதத்தை எடுத்துக்கூட விட்டார். வக்கீலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடிவிட்டது.

"ரெண்டாம் நாளே மேடம். எனக்குத் தெரியும். நான் சொல்லல."

வெளியே வந்தபோது தலைவி எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். மாடிப்படியில் திரும்பி நின்றாள். கண் சிவந்திருந்தது.

"எட்டு நாள்டி. நூறு பேரு. ஏன் சொல்லல?"

"சொன்னா என்னை அனுப்பிடுவீங்கன்னு," என்றாள் வக்கீல். "எல்லாரும் அனுப்பிட்டாங்க. நீங்களும் அனுப்பினா நான் எங்க போவேன்?" அவள் அழுதுவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையும் இல்லை.

பேசியது கம்பம்.

"உன்னைக் கேட்டு வாங்கினதே நான்தான்," என்றான். "நீ எதையும் விடமாட்டன்னு தெரியும். தினமும் ராத்திரி கணக்கை அனுப்பும்போது உன்கிட்டேர்ந்து கேள்வி வருதான்னு பாப்பேன். ஒண்ணும் வராது. சரி, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நிம்மதியா தூங்கிடுவேன்."

கம்பம் இவ்வளவு நீளமாகப் பேசி அந்தக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. வக்கீலுக்கு அழுகை நின்றுவிட்டது. இரண்டு குழுக்கள் அவளை அனுப்பியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை, ஆனால் இவ்வளவு சந்தோஷமாகவும் அவள் என்றும் இருந்ததில்லை.

ரேடியோ தன் கைக்குட்டையை நீட்டினான். "துவைச்சதுதான். சந்தேகம்னா கேளு."

முதலில் சிரித்தது தலைவி. பிறகு நான்கு பேரும் படியிலேயே உட்கார்ந்து, மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் திட்டத் திட்டச் சிரித்தார்கள். தலைவி காகிதத்தை முழங்காலில் வைத்துப் புதிய பட்டியல் போட்டாள். இனிமேல் எல்லோரையும் கம்பமே அளப்பான், ரேடியோ வரிசையில் நிற்பவர்களைக் கவனித்துக்கொள்வான்.

"வரிசையில சிரிச்சுட்டு நேரா உள்ள வந்தாலும் ஏறுமே," என்றாள் வக்கீல்.

தலைவி அடித்துவிட்டு எழுதினாள். நடுவில் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும்.

"எந்த அறுபது பேரு பரீட்சைக்காரங்கன்னு கம்பத்துக்குத் தெரியலாமா?"

தெரியக்கூடாது என்று தலைவி அதையும் எழுதினாள். அடுத்த கேள்விக்குக் காகிதத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. எழுந்து கீழ்ப்படிக்கு வந்து சேர்வதற்குள் மூன்று காகிதங்கள் கசங்கி ரேடியோவின் சட்டைப்பையில் இருந்தன. தலைவி நான்காவதைக் கிழித்துக்கொண்டே, "ம், அப்புறம்?" என்றாள்.