முதுகுப் பக்கம்

விரலை நனைத்து இஸ்திரிப் பெட்டியின் மேல் உதறினாள். சுர்ரென்றது. தேய்க்கலாம்.

கூடத்தில் அப்பா சட்டையில்லாமல் கிடந்தார். ஊரார் துணியெல்லாம் தேய்த்துக் கொடுத்த மனிதர் கசங்கிய சட்டையோடு போனால் கடைப் பெயர் கெட்டுவிடுமாம். அத்தையின் கவலை அது.

"ஊமைச்சி, சீக்கிரம் தேய்டி! வண்டி வந்துடும்." கதவருகே நின்ற அத்தை, துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் திரும்பினாள். "தங்கமான மனுஷன். எறும்புக்குக்கூட தீங்கு நினைக்கமாட்டான் எங்கண்ணன்."

எறும்புக்கு நினைத்திருக்க மாட்டார்தான்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில், ஒரு வாடிக்கையாளரின் கல்யாணக் கோட்டில் கருகல் விழுந்திருந்தது. "யாரு கருக்கினது?" என்று அவர் கேட்டார். வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று அப்பா சத்தியம் செய்தார். இவள் சும்மா இருந்திருக்கலாம். "இல்ல, அப்பாதான்" என்று சொல்லித் தொலைத்தாள். அவர் கத்திவிட்டுப் போனதும் அப்பா இவள் மணிக்கட்டை மேசையில் அழுத்திப் பிடித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தார். "இனிமே வாயத் திறப்பியா?"

திறக்கவில்லை. காய்ச்சலில் பேச்சு போய்விட்டது என்று அம்மா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தாள். முழுக்கைச் சட்டைகளும் அவளே வாங்கித் தந்தாள்.

காலர், கை, முன்பக்கம், கடைசியில் முதுகு. அப்பா அடித்துச் சொல்லிக் கொடுத்த வரிசை. முதுகுக்கு வந்ததும் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். எடுக்கவில்லை. புகை வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. பாவி மனிதர், அன்று எவ்வளவு நேரம் வைத்திருந்தார்!

"ஐயையோ, என்ன நாத்தம் இது?" அத்தை ஓடிவந்து சட்டையைப் பிடுங்கினாள். நடு முதுகில் கருகல், கூர்முனை உட்பட அப்படியே பதிந்திருந்தது. "யாருடி இதக் கருக்கினது?" ஊமையிடம் கேட்கிறோம் என்ற நினைப்புகூட இல்லை.

"நான்தான்."

குரல் கரகரத்தது. அவளுக்கே அது யாருடையதோ போலிருந்தது. இருமிவிட்டு மறுபடி சொன்னாள். "நான்தான் அத்தை. வேணும்னுதான்."

கூடத்தில் அழுகை நின்றுவிட்டது. அம்மா எழுந்து வந்தாள்.

"அண்ணி, இவளுக்குப் பேச்சு..."

அம்மா சட்டையை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை.

"முதுகுப் பக்கம்தானே. படுத்துக்கிட்டுப் போறவருக்கு முதுக யாரு பாக்கப் போறா? போட்டு விடலாம்."

பிறகு குரலைத் தாழ்த்தி மகளிடம், "கைப் பொத்தானப் போடு. ஆளுங்க வர்றாங்க" என்றாள்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கப் போனாள்.