முன் சக்கரத்தின் மேல் விழுந்த பழி

என் வீட்டுக்காரர் அம்புரோஸ் ஒரு பொருளை வாங்கி வந்தால் அது எனக்கு வேண்டுமா என்று கேட்க மாட்டார். பொருத்திவிட்டுத்தான் கூப்பிடுவார். அப்படித்தான் என் பைக்கில் அந்தக் காற்றுக் கருவியும் ஏறியது. இரண்டு டயரின் வால்வு வாயிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு மூடி. ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. திரையில் மேலே தெரிவது முன் டயரின் காற்று, கீழே தெரிவது பின் டயரின் காற்று. எதில் குறைகிறதோ அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

“முன்னாடி இருபத்தெட்டு, பின்னாடி முப்பத்திரண்டு. மனசுல வச்சுக்க ஏளா,” என்றார். “மூடி ரெண்டும் மாறிரக் கூடாது. அதுல இருந்த இங்கிலீசு எழுத்து கண்ணுக்கே தெரியல. சொரண்டிட்டு நானே வெள்ளப் பெயிண்டுல எழுதிட்டேன்.”

என்ன எழுதினார் என்று நான் குனிந்து பார்க்கவில்லை. என் தப்புதான். பெயிண்ட், வள்ளத்துக்கு அடித்ததில் மீந்தது. அவர் படகு இஞ்சின் மெக்கானிக். எதற்கும் வள்ளத்துப் பேச்சுதான் வாயில் வரும். வள்ளத்தின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். எங்கள் வீட்டில் பஸ்ஸுக்கும் கட்டிலுக்கும்கூட அணியமும் அமரமும் உண்டு.

நான் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆறு வருஷம் தூத்துக்குடி ஷெட்டுக்குள் நின்று, அவித்த நண்டில் சதை பிரித்தேன். கை ஊறிப்போகும் வேலை. பிறகு ஒருநாள் மேனேஜர் ஜெயகணேஷ், கரைக்குப் போய் தரம் பார்த்து நண்டு எடுக்க ஆள் வேண்டும், பைக் ஓட்டத் தெரியணும் என்றார். ஆண்கள் கூட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கை தூக்கியது நான். கீழவைப்பார், வேம்பார் தடத்தை மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். நண்டின் வயிற்றை ஒரு அழுத்து அழுத்தினால் உள்ளே சதையா தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. இந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே நிபந்தனை, ஏழு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். வள்ளம் வந்ததும் நிறுவை. தரம் பார்க்கிற ஆள் இல்லையென்றால் நண்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடும்.

மூன்று மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போதுதான் சனி பிடித்தது. சனிக்கிழமை பின் டயரில் ஆணி ஏறியது. பஞ்சர் கடை மகாராஜன் அண்ணாச்சி ஒட்டிக் கொடுத்தார். முன்னாலும் காற்றுப் பார்த்து, இரண்டு மூடியையும் திருகி அனுப்பினார். திங்கட்கிழமை விடியற்காலை திரையின் மேல்வரிசையில் சிவப்பு. முன் டயர் இருபத்துமூன்று. பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்று காட்டினேன். “முன்னாடி சரியா இருபத்தெட்டு இருக்கு, போங்கக்கா,” என்றான் அங்கிருந்தவன். கரைக்குப் போனபோது ஏழு பத்து.

செவ்வாய்க்கிழமையும் சிவப்பு, இருபத்திரண்டு. மகாராஜன் அண்ணாச்சியை எழுப்பினேன். முன் டயர் முழுக்க சோப்புத் தண்ணி ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

“டயர்ல ஒண்ணுமில்ல தாயி. மெசினு பொய் சொல்லுது.”

ஏழு இருபது. நண்டில் பாதி போய்விட்டது. மத்தியானம் ஷெட்டில் ஜெயகணேஷ் சார் சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“இன்னொரு நாள் லேட்டானா தடத்தை பிரைட்டனுக்குக் கொடுத்துருவேன் எமில்டா. நாளைக்கு நானும் அவனும் கரையில நிப்போம்.”

சுவரில் ஒட்டியிருந்த தடப் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘பிரைட்டன்’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கும் அந்தப் பையன் நண்டைப் பிடித்தாலே கையில் கடி வாங்குகிறவன்.

புதன்கிழமை காலை நான் கிளம்பும்போது திரையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார் அம்புரோஸ்.

“பாக்காத, நிக்காத, நேரா போ. பயமா இருந்தா இந்தா, கால் பம்பு. பையில வச்சுக்க.”

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். தருவைகுளம் தாண்டியதும் வளைவில் வண்டி லேசாகக் குழைந்தது. கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்கு நான் என்ன மடச்சியா என்று தோன்றியது. ஓரங்கட்டி டேப்பைப் பிய்த்தேன். முன்னால் பதினேழு என்றது. பார்த்துக்கொண்டே மெதுவாக உருட்டினேன். மூன்று கிலோமீட்டரில் பதினாறு. பொய் சொல்கிற மெஷின் தாறுமாறாகச் சொல்லும். இது ஒவ்வொன்றாக, நிதானமாக இறங்கியது.

மறுபடி நிறுத்திக் கீழ்வரிசையைப் பார்த்தேன். பின்னால் இருபத்தெட்டு.

இருபத்தெட்டு? பின் டயருக்கு வைப்பது முப்பத்திரண்டு. இருபத்தெட்டு முன் டயருக்கு அல்லவா வைப்பது! மூன்று நாளாகச் சிவப்பை மட்டும் பார்த்தேனே தவிர, கீழே சும்மா இருந்த எண்ணை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை.

மண்ணில் முழங்காலிட்டு முன் மூடியைப் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டில் ‘அ’ என்றிருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். அதிலும் ‘அ’. போனைப் போட்டேன்.

“என்னங்க, முன் மூடியில என்ன எழுதுனீங்க?”

“அணியம்னு ‘அ’ போட்டேன்.”

“பின் மூடியில?”

“அமரம்னு...” என்று ஆரம்பித்தவர், “மாதாவே!” என்றார்.

“மாதா என்ன செய்வா? ரெண்டுலயும் ‘அ’ன்னா மகாராஜன் அண்ணாச்சி எதை எங்க மாட்டுவாரு? வந்து வச்சுக்கிடுதேன்,” என்று போனை வைத்தேன். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மூடிகளை மாற்றிப் போட்டேன். திரை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முன்னால் இருபத்தெட்டு, பின்னால் பதினாறு என்றது. ஓட்டை பின்னால்தான். சனிக்கிழமை ஒட்டிய இடம்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இன்றைக்கு நன்றாகவே வாய் திறந்திருக்க வேண்டும். பாவம், முன் சக்கரம்.

மணி ஆறு இருபது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர். கணக்குப் போட்டேன். மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று இறங்கினால் கரைக்குப் போவதற்குள் ஐந்து குறையும். காற்று அதிகமாக இருந்தால் வேகமாக இறங்கும், பத்து என்றே வைத்துக்கொள்ளலாம். முப்பத்துநான்கு அடித்தால் இருபத்துநான்கு மிஞ்சும். அது போதும். புடவை கட்டாமல் சுடிதார் போட்டு வந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டு பம்பை மிதித்தேன். கால் கடுத்தது. பம்பின் முள் முப்பத்துநான்கைத் தொட்டதும் மூடியைத் திருகிவிட்டு ஏறினேன்.

வைப்பாற்றுப் பாலத்தில் முப்பத்தொன்று. சொன்ன சொல் கேட்கிறது என்று வேகம் கூட்டினேன். கீழவைப்பார் கரையில் வண்டியை நிறுத்தியபோது இருபத்தெட்டு. மணி ஆறு ஐம்பத்தைந்து. முதல் வள்ளம் அப்போதுதான் மணலில் ஏறிக்கொண்டிருந்தது.

ஜெயகணேஷ் சார் வாட்சைப் பார்த்தார். பிரைட்டன் ஏற்கனவே கூடைப் பக்கத்தில் நின்று கட்டை விரலை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கடி வாங்கியிருக்கிறான்.

“இன்னைக்கு மெஷின் தொந்தரவு பண்ணலையா?” என்றார் சார்.

“பண்ணுச்சு சார். இன்னைக்குத்தான் அது சொன்னத முழுசா கேட்டேன்,” என்றேன். ஒரு நண்டை எடுத்து வயிற்றை அழுத்தினேன். தண்ணீர். தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

சாயங்காலம் அம்புரோஸ் ஊசி முனையில் பெயிண்டைத் தொட்டு ‘மு’, ‘பி’ என்று எழுதிக்கொண்டிருந்தார். முகத்தை நிமிர்த்தவே இல்லை. ஒரு டீ போட்டுப் பக்கத்தில் வைத்தேன். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஷெட் சுவரில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். பென்சில் எழுத்து இல்லை. கீழவைப்பார், வேம்பார் என்ற வரிக்கு நேராக எமில்டா என்று மையால் எழுதியிருந்தது. மேல்வரியையும் கீழ்வரியையும்கூட விரல் வைத்துப் படித்தேன். எந்தப் பெயரும் இடம் மாறியிருக்கவில்லை.